மலையிலே எழுத்து, வலையிலே பிரசுரம்

ஊவாத் தோட்டங்களின் இளைய எழுத்தாளர்கள் இணையத்திலே தாமே நூல் வெளியிடப் புறப்பட்டிருக்கும் இக்காலத்தில், ஒரு நூலுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது பற்றிய ஒரு விசாரணை

பசறையைக் கடந்து, தேயிலை மலைகளை வளைந்து வளைந்து ஏறுகின்ற பாதையின் மேலே, காற்றும் பனிமூட்டமும் மாறி மாறி ஆட்சி செய்கின்ற மடுல்சீமையை இன்று இணையத்திலே தேடுகின்ற ஒருவருக்கு முன்வந்து நிற்பவை, பிட்டமாருவப் பக்கத்து மலைவிளிம்பின் படங்களே. 'சின்ன உலக முடிவு' என்று பெயர் பெற்றுவிட்ட அந்த விளிம்பிலே கூடாரமடித்துத் தங்கிச் சூரியோதயம் கண்டு திரும்பியவர்களின் பிரயாணக் குறிப்புகள் ஏராளம். அவ்விடத்துக்கு வரும் வழியின் இருமருங்கிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுத்து வாழ்ந்தவர்கள் தம் வாழ்வைத் தாமே எழுதிய பக்கங்களோ சொற்பம்.

ஓர் ஊரைப்பற்றி வந்துபோனவர் எழுதியது மிகுதியாகவும், வாழ்ந்தவர் எழுதியது குறைவாகவும் இருப்பது மலையகத்துக்குப் புதிய அனுபவமன்று. தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்டு முற்காலத்தில் அச்சேறிய தமிழ் நூல்களுள் ஒன்றான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. எனினும் அது தொழிலாளியின் நெஞ்சிலிருந்து எழுந்த பாட்டாக இராமல், கோப்பிச் செய்கையின் பெருமையையும் முறைகளையும் எடுத்துரைத்துத் தொழிலாளியை வேலைக்கு ஏவுகின்ற பக்கத்திலே நின்று பாடப்பட்ட பாட்டாகவே அமைந்தது. தன் கதையைத் தானே சொல்லும் உரிமை தோட்டத்து மனிதனுக்கு வந்து சேர்வதற்கு அதன் பின்னும் பல பத்தாண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

அந்த உரிமையின் புதிய அத்தியாயம் ஒன்று இப்போது கைத்தொலைபேசியிலே எழுதப்பட்டு வருகிறது. பகலிலே பாடசாலையிலோ, பதுளைக் கடையொன்றிலோ, கொழும்பிலே ஓர் ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்துவிட்டு, இரவிலே லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, உள்ளங்கை அளவான கண்ணாடியிலே விரலால் கதை எழுதுகின்ற ஒரு தலைமுறை மலையகத்திலே தோன்றியிருக்கிறது. எழுதியதை எந்தப் பதிப்பாளரிடமும் நீட்டாமல், எந்த ஆசிரியரின் மேசையிலும் காத்திருக்க விடாமல், இணையத்திலே தானே பிரசுரித்துவிடும் வசதி அத்தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. வசதியோடு கூடவே ஒரு சங்கடமும் வந்திருக்கிறது. அப்படி வெளிவந்ததை 'நூல்' என்று ஏற்கலாமா, எழுதியவரை 'எழுத்தாளர்' என்று அழைக்கலாமா என்ற கேள்வி, இலக்கியக் கூட்டங்களிலே வெளிப்படையாகவும் வெளிப்படாமலும் எழுந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு மலையகம் தன் சொந்த வரலாற்றிலிருந்தே விடை கூறமுடியும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

புதிய வாயில்கள்

அமேசான் நிறுவனம் 2007ஆம் ஆண்டிலே தன் கிண்டில் கருவியை வெளியிட்ட காலத்திலேயே, எழுத்தாளர் தம் நூலைத் தாமே அதிலே ஏற்றிக்கொள்ளும் ஏற்பாட்டையும் தொடங்கியது. தமிழ் எழுத்து அதிலே முறைப்படி இடம்பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது. நூலின் விலைக்கும் விற்பனையாகும் நாட்டுக்கும் ஏற்ப எழுத்தாளருக்கு 35 சதவீதமோ 70 சதவீதமோ உரிமைத்தொகை கிடைக்கும் என்பது அதன் விதி. பெங்களூரிலே 2014ஆம் ஆண்டில் தோன்றிய பிரதிலிபி, வேறொரு மார்க்கத்தைத் தேர்ந்துகொண்டது. முழுநூலாக இல்லாமல், அன்றாடம் ஓர் அத்தியாயமாக எழுதி, வாசகரின் அபிப்பிராயத்தை உடனுக்குடன் பெற்று, மறுநாள் அத்தியாயத்தைத் தொடர்கின்ற தொடர்கதை மரபை, வாரப் பத்திரிகைகள் கைவிட்ட இடத்திலிருந்து அது எடுத்துக்கொண்டது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவிலே இலவசமாக வழங்கி, கணினியிலே தமிழ் வாசிக்கும் பழக்கத்துக்கு வித்திட்டிருந்தது.

மலையகத்து இளைஞன் இவ்வாயில்களை நாடுவதற்கான காரணங்கள் கண்கூடானவை. பதுளைக்குப் புகையிரதம் வந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆயினும் தமிழ் நூற் பிரசுரத்தின் கேந்திரங்கள் கொழும்பாகவும் யாழ்ப்பாணமாகவும் சென்னையாகவுமே இருந்து வருகின்றன. இலங்கையிலே தமிழ் நூலொன்றை அச்சிடும் செலவை எழுத்தாளரே ஏற்பதும், முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சிட்டு, அவற்றை வெளியீட்டு விழாவிலே நண்பர்களிடமும் பிரமுகர்களிடமும் ஒப்படைத்துப் போட்ட முதலில் ஒரு பகுதியையாவது மீட்க முயல்வதும், நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். அந்த வழக்கத்துக்கும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி பெரும் அடி கொடுத்தது. கடதாசி இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணியின்றிப் பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன; நாளிதழ்கள் சில அச்சை நிறுத்தின. நாட்கூலியிலே குடும்பம் நடத்துகின்ற ஒரு வீட்டின் பிள்ளை, அத்தகைய காலத்தில் இலட்சக்கணக்கில் அச்சுச் செலவு திரட்டுவதெங்ஙனம்? மின்னூலுக்கு அச்சுக்கூலி இல்லை. கட்டுக்கட்டாகப் பிரதிகள் அறையின் மூலையிலே கிடந்து கறையான் அரிக்கும் அபாயமும் இல்லை.

இணையமும் மலையிலே எளிதாகக் கிடைத்துவிடவில்லை என்பதையும் மறக்கலாகாது. தொற்றுநோய்க் காலத்தில், 2021ஆம் ஆண்டிலே, பதுளை மாவட்டத்துக் கிராமமொன்றின் பிள்ளைகள் பாடம் கேட்பதற்காகக் காடு கடந்து பாறையுச்சிக்கு ஏறிச் சமிக்ஞை தேடிய செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் இடம்பெற்றது. அவ்வாறு தேடிப்பெற்ற சமிக்ஞையிலே ஒருவர் கவிதை ஏற்றுகிறார் என்றால், அந்த ஆர்வத்தை விளையாட்டென்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

எழுகின்ற ஐயங்கள்

ஆர்வத்தை மதிப்பது ஒன்று. ஐயங்களை மறைப்பது வேறொன்று. சுயபிரசுரத் தளங்களின்மேல் சொல்லப்படுகின்ற குற்றங்களை நேர்மையோடு எடுத்து ஆராய்ந்தால்தான் அவற்றின் நற்பெயரைப் பற்றிப் பேச நமக்கு அருகதையுண்டு.

முதலாவது குற்றம், தெரிவில்லாமை. எவரும் எதையும் ஏற்றலாம் என்ற நிலையிலே, நல்லதும் அல்லதும் ஒரே வரிசையில் நிற்கின்றன. எழுத்துப் பிழையும் வாக்கியப் பிழையும் மலிந்த பக்கங்கள், பிறருடைய ஆக்கத்தை எடுத்துத் தன் பெயரிலே இட்ட பக்கங்கள், இப்போது இயந்திரத்தைக் கொண்டே எழுதிக் குவித்த பக்கங்கள் எல்லாம் ஒருங்கே வந்து சேருகின்றன. ஒரு கணக்கிலிருந்து நாளொன்றுக்கு மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2023ஆம் ஆண்டிலே அமேசான் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. நாளொன்றுக்கு மூன்று நூல் என்பதே ஒரு கட்டுப்பாடாகத் தோன்றும் அளவுக்கு வெள்ளம் பெருகியிருந்தது என்பதை அதிலிருந்து உணரலாம்.

இரண்டாவது குற்றம், எண்ணிக்கையின் ஆட்சி. எத்தனை பேர் வாசித்தனர், எத்தனை நட்சத்திரம் கிடைத்தது, எத்தனை பேர் பின்தொடர்கின்றனர் என்ற கணக்கே தரத்தின் அளவுகோலாகிவிடுகிறது. உறவினரும் நண்பரும் சேர்ந்து நட்சத்திரம் சொரிந்தால் சாதாரணமான கதையும் உச்சிக்கு ஏறும். தோட்டத்து மூதாட்டி ஒருத்தியின் ஒப்பாரியைப் பரிவோடு தொகுத்தளித்த அரிய முயற்சி, அடியிலே கிடந்து மறையும். விற்பனையையும் வாசகர் மதிப்பீட்டையும் கணக்கிலெடுத்துப் பரிசு வழங்கிய இணையப் போட்டிகள் நடந்தபோது இத்தகைய மனக்கசப்புகள் தமிழ்நாட்டிலும் எழுந்தன.

மூன்றாவது குற்றத்தைச் செய்பவர், தளங்களைச் சுற்றி முளைத்திருக்கின்ற தரகர்கள். "உங்கள் நூலை உலகப் புகழுக்குக் கொண்டுபோகிறோம், இத்தனை ரூபாய் கட்டுங்கள்" என்று ஆசை காட்டி, இலவசமாகவே செய்துகொள்ளக்கூடிய காரியத்துக்குக் கட்டணம் வாங்கி, சான்றிதழும் பட்டமும் கொடுத்து அனுப்புகின்ற வியாபாரம் அது. முதற்கதை எழுதிய பரவசத்திலே நிற்கின்ற பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் அந்தப் பேச்சு எவ்வளவு எளிதாகப் பலிக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. எழுத்தாளரை வாசகராலே வாழவைக்காமல், எழுத்தாளரின் ஆசையினாலே தான் வாழ்கின்ற எந்த ஸ்தாபனமும், அச்சிலே இயங்கினாலும் இணையத்திலே இயங்கினாலும், இலக்கியத்துக்குப் பகையே.

நான்காவதாக ஒன்று உண்டு. அது பலர் கண்ணிலே படாதது. இத்தளங்களின் தமிழ் வாசகருள் மிகப் பெரும்பான்மையோர் தமிழ்நாட்டவர். அவர்களுடைய விருப்பத்தைப் பெறுவதற்காக, மடுல்சீமையிலே பிறந்த எழுத்தாளர் தம் கதையிலே பிரட்டையும் லயத்தையும் கொந்தரப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, தாம் கண்டறியாத ஒரு சென்னைக் குடியிருப்பைக் கதைக்களமாக்கிக் கொள்ளும் ஆபத்து இருக்கிறது. எவரும் கட்டளையிட்டு நடப்பதன்று இது. எண்ணிக்கை தருகின்ற மௌனமான நிர்ப்பந்தத்தினால் நடப்பது. உலகத்தையே வாசகராகப் பெற்ற அதே கணத்திலே தன் ஊரை இழந்துவிடுகின்ற எழுத்து, மலையகத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை.

தானே வெளியிடுவது தாழ்வன்று

இவ்வளவும் உண்மையாயினும், 'தானே வெளியிட்டது' என்ற ஒரே காரணத்தால் ஒரு நூலைத் தாழ்த்துவதற்குத் தமிழனுக்கு, விசேஷமாக ஈழத்துத் தமிழனுக்கு, எந்த நியாயமும் இல்லை. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டிலே அச்சுயந்திரம் ஒன்றைச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொணர்ந்து வண்ணார்பண்ணையிலே நிறுவி, தாமே எழுதித் தாமே பரிசோதித்துத் தாமே பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டிலே வெளியிட்டபோது, கையொப்பக்காரர்களைத் தேடி ஊரூராகக் கடிதம் எழுதிப் பணம் சேர்த்த கதை தமிழறிந்தோர் அனைவரும் அறிந்தது. பாரதியார் 1920ஆம் ஆண்டிலே தம் நூல்களையெல்லாம் நாற்பது பகுதிகளாகத் தாமே அச்சிட எண்ணி, அன்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855ஆம் ஆண்டிலே தம் முதற் கவிதைத் தொகுதியைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, எழுத்துக் கோக்கும் வேலையிலும் தாமே கைகொடுத்தார். இவர்களை எல்லாம் 'சுயபிரசுரக்காரர்' என்று இளப்பமாகப் பேச எவருக்கு நா எழும்?

மலையகத்திலோ சுயபிரசுரம் ஒரு விதிவிலக்காகக்கூட இருக்கவில்லை. அதுவே விதியாக இருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்து தோட்டத் தொழிலாளருக்காகத் தம் வாழ்வை அர்ப்பணித்த கோ. நடேசய்யர், பிறர் பத்திரிகையிலே இடம் கிடைக்குமென்று காத்திராமல் 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று தாமே பத்திரிகை நடத்தினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள், மக்கள் நன்கறிந்த மெட்டுகளிலே தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக்கி, சிறு பிரசுரங்களாக அச்சிட்டு, கூட்டங்களிலே தாமே பாடிப் பரப்பினார். அம்மரபிலே வந்த பாட்டுக்காரர்கள் பலர், நாலு பக்கம் எட்டுப் பக்கம் கொண்ட பாட்டுப் புத்தகங்களைச் சொந்தச் செலவிலே அச்சிட்டு, சம்பள நாளிலும் திருவிழா நாளிலும் மக்கள் கூடுமிடங்களிலே பாடி விற்றார்கள். பதிப்பாளன், விற்பனையாளன், பாடகன், கவிஞன் என்ற நால்வரும் அங்கே ஒருவரே. எழுத வாசிக்க அறியாத ஒரு சனசமூகத்துக்குள் அச்செழுத்து நுழைந்த வழி அதுதான்.

யாழ்ப்பாணத்திலே தம் சிகையலங்காரக் கடையிலிருந்தே 1966ஆம் ஆண்டிலே 'மல்லிகை'யைத் தொடங்கி, பிரதிகளைக் கையிலேந்தித் தெருத்தெருவாகத் தாமே விற்ற டொமினிக் ஜீவாவையும் இவ்விடத்திலே நினைக்கவேண்டும். நாலு தசாப்தங்களுக்கு மேலாக அச்சஞ்சிகை ஈழத்து எழுத்தாளர்களுக்கு, மலையகத்தவர் உட்பட, ஒரு வீடாக இருந்தது.

மதிப்பு பிறந்த இடம்

அப்படியானால், எல்லாச் சுயபிரசுரமும் ஒன்றுதானா? மீனாட்சியம்மாளின் பாட்டுப் புத்தகமும், நட்சத்திரத்துக்காக ஏற்றப்பட்ட நேற்றைய தொடர்கதையும் ஒரே தரத்தவையா? இல்லை என்றே எவரும் சொல்வர். ஆயின், வித்தியாசம் எங்கே இருக்கிறது? அச்சிட்டவர் யார் என்பதில் அதனைத் தேடினால் அகப்படாது. வெளிவருமுன்னும் வெளிவந்த பின்னும் அந்த எழுத்தை எவர் எவ்வளவு அக்கறையோடு வாசித்தார், எவர் அதனோடு வாதாடினார் என்பதிலேதான் அது அகப்படும். இதற்கு மலையகச் சிறுகதையின் வரலாறே சிறந்த சாட்சி.

1960களிலே 'வீரகேசரி' தோட்டப்புற வாசகருக்கென்று 'தோட்ட மஞ்சரி' என்ற பகுதியை வெளியிட்டது. அதனைப் பொறுப்பேற்று நடத்திய எஸ். எம். கார்மேகம், தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்களையும் துணுக்குகளையும் பொறுமையோடு திருத்தி இடம் கொடுத்ததோடு நில்லாமல், மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தோடு சேர்ந்து சிறுகதைப் போட்டிகளை நடத்தினார். பரிசு பெற்ற கதைகள் 1971ஆம் ஆண்டிலே 'கதைக் கனிகள்' என்ற தொகுதியாக வந்தன. ஒரு பத்திரிகைப் பக்கம், ஓர் ஆசிரியர், ஒரு மன்றம், ஒரு போட்டி, ஒரு தொகுதி: இந்த ஐந்தும் கூடிய இடத்திலே ஓர் இலக்கியத் தலைமுறை உருவாயிற்று. அப்போட்டிகளிலே கதை அனுப்பியவர் வெறுமனே ஒரு பெட்டியிலே கடிதம் போடவில்லை. தம்மை வாசித்துத் தெரிவு செய்யவும், நிராகரிக்கவும், திருத்தவும் ஒரு சபை இருக்கிறது என்ற நம்பிக்கையோடு அனுப்பினார்.

என். எஸ். எம். ராமையாவின் சரித்திரம் இதனினும் கருத்தூன்றத் தக்கது. 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற அவருடைய புகழ்பெற்ற கதை 1960களின் தொடக்கத்திலே 'தினகர'னில் வெளிவந்தது. அக்கதையின் பெயரையே தாங்கிய தொகுதி நூலாக வருவதற்கு 1980ஆம் ஆண்டு ஆயிற்று. ஏறத்தாழ இரு தசாப்தங்கள் அந்த எழுத்தாளருக்கு நூல் இல்லை. ஆனால் கீர்த்தி இருந்தது. வாசித்தவர் சொல்லிச் சொல்லி, விமரிசகர் எடுத்துக்காட்டி எடுத்துக்காட்டி, அட்டையும் விலையும் இல்லாமலே அந்தக் கதை வாழ்ந்தது. இறுதியிலே அதற்கு நூலுருவம் கொடுத்தது, பதுளையிற் பிறந்த மு. நித்தியானந்தனின் 'வைகறை' என்ற சிறு வெளியீட்டகம். பெரிய முதலீடு எதுவுமின்றி, மலையக எழுத்தின்மேல் கொண்ட அபிமானத்தையே மூலதனமாக்கி நடந்த அந்த வெளியீட்டகம், அதற்கு முந்திய ஆண்டிலே தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியையும் வெளியிட்டிருந்தது. தம் மக்களின் எழுத்தைத் தாமே தேடித் தெரிந்து, தாமே பொறுப்பேற்று உலகின்முன் வைத்தல் என்ற பொருளில் அதுவும் ஒருவகைச் சுயபிரசுரமே; ஒரு தனிமனிதனின் சுயத்துக்குப் பதிலாக ஒரு சமூகத்தின் சுயம் அங்கே பேசிற்று. அதே நித்தியானந்தன் பின்னர் 2014ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'கூலித் தமிழ்' என்ற நூலிலே, மறக்கப்பட்டுக் கிடந்த தோட்டக்காலப் பிரசுரங்களைத் தேடியெடுத்து ஆராய்ந்தார்.

ஊவாவின் பெருமைக்குரிய புதல்வரான தெளிவத்தை ஜோசப்பின் வாழ்வு இந்த உண்மைக்கு நிறைவான உதாரணம். பதுளையை அடுத்த ஊவாக் கட்டவளைத் தோட்டத்திலே 1934ஆம் ஆண்டிலே பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்திலே வேலை பார்த்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டவர் அவர். 'காலங்கள் சாவதில்லை', 'குடை நிழல்' முதலிய நாவல்களை எழுதியது அவருடைய சாதனையின் ஒரு பாதிதான். மற்றப் பாதி, பிறருடைய எழுத்தைத் தேடியது. துரை விஸ்வநாதனின் துரைவி பதிப்பகத்துக்காக 1997ஆம் ஆண்டிலே அவர் தொகுத்த 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' ஆகிய தொகுதிகள் இல்லையென்றால், பழைய பத்திரிகைகளிலே சிதறிக் கிடந்த எத்தனையோ கதைகள் இன்று நமக்குப் பெயரளவிலும் கிட்டியிரா. தமிழ்நாட்டிலிருந்து 2013ஆம் ஆண்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடிவந்தபோது, அவ்விருது அவருக்கு மட்டும் வந்ததாக மலையகம் கருதவில்லை. 2022ஆம் ஆண்டிலே அவர் மறைந்தபோது மலையகம் ஓர் எழுத்தாளரை மட்டும் இழக்கவில்லை. தன் மிகப் பெரிய வாசகரையும் இழந்தது.

அச்சுச் சபையின் குறைகள்

பழையதைப் போற்றுகின்ற ஆர்வத்தில் பழையதன் குறைகளை மூடிவிடலாகாது. பத்திரிகையின் கதவு எல்லாருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை. தோட்டப் பேச்சு வழக்கை இலக்கியமாக ஏற்கத் தயங்கிய மனோபாவம் ஈழத்துத் தமிழ் உலகிலே வலுவாக இருந்தது. எழுதிய பெண்கள் தொகையிலே மிகக் குறைவு. கொழுந்தெடுக்கும் கையிலே பேனாவும் ஏறுவதற்கு, வீட்டிலும் மலையிலும் ஓய்வில்லாத வேலை இடம் கொடுக்கவில்லை. இன்று கைத்தொலைபேசியிலே எழுதுகின்றவர்களுள் பெண்கள் பெருந்தொகையினராக இருக்கிறார்கள் என்பதும், எவருடைய அனுமதியையும் கேளாமல் எழுதுகிறார்கள் என்பதும், இப்புதிய ஊடகத்தின் மறுக்கவொண்ணாத புண்ணியம்.

வெளியீட்டு விழாக்களிலும் ஒரு நோய் புகுந்திருக்கிறது. தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என்று மாலை முழுவதும் உரைகள் நிகழ்ந்தும், நூலிலே எந்தக் கதை பலவீனமானது, எந்த அத்தியாயம் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று ஒருவரும் கூறாமல் சபை கலைந்துவிடுவதுண்டு. பொன்னாடை போர்த்துவதும் நட்சத்திரம் இடுவதும், வாசிக்காமலே செய்யப்படும்போது, ஒரே காரியமாகிவிடுகின்றன. அச்சிலே வந்தது உயர்வு, இணையத்திலே வந்தது தாழ்வு என்று கோடு கிழிப்பவர்கள், இரண்டிடத்திலும் குறைவது கண்டிப்பான வாசிப்பே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை

ஆகவே, மடுல்சீமையிலும் பசறையிலும் லுணுகலையிலும் பண்டாரவளையிலும் எழுதத் தொடங்கியிருக்கும் இளையவர்களுக்கு நாம் சொல்லவேண்டியது, "இணையத்திலே வெளியிடாதீர்கள்" என்பதன்று. தனியாக வெளியிடாதீர்கள் என்றே சொல்லவேண்டும். ஐந்து பேர் கூடினால் ஒரு வாசகர் வட்டம் ஆகிவிடும். மாதம் ஒருமுறை பாடசாலை மண்டபத்திலோ, கோயில் மடத்திலோ, மழை வந்தால் எவர் வீட்டு இஸ்தோப்பிலோ கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் வாய்விட்டு வாசிக்கட்டும். வாசிக்கும் நா தடுக்குகின்ற இடத்திலே வாக்கியம் பிழைத்திருக்கிறது என்று அறியலாம். தோட்டத்து முதியவர் ஒருவரையும் அங்கே அமர்த்திக்கொண்டால், பழைய பேச்சும் பழைய நிகழ்ச்சிகளும் சரியாக வந்திருக்கின்றனவா என்று அவர் சொல்லிவிடுவார். வட்டம் ஏற்றுக்கொண்ட பின்னரே ஓர் ஆக்கம் வெளியே போகட்டும். எழுதியவரின் பெயரோடு, அதனைச் செம்மைப்படுத்தியவரின் பெயரும் நூலிலே இருக்கட்டும். பொறுப்பேற்கும் இரண்டாவது பெயர் ஒன்று இருக்கும் நூலுக்கு வாசகரிடத்திலே கிடைக்கும் நம்பிக்கை, நூறு நட்சத்திரங்களாலும் கிடைப்பதில்லை.

அடுத்தது, பேணுதல். தனியார் நிறுவனமொன்றின் தளம் இன்று இருக்கும். நாளை தன் கொள்கையை மாற்றும். மறுநாள் மூடப்படவும் கூடும். அங்கே மட்டும் வைத்த எழுத்து அதனோடு போய்விடும். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நூலுக்குரிய சர்வதேச நியம எண்ணைப் பெற்றுக்கொள்ளுதல், அச்சிட இயலுமாயின் ஐம்பது பிரதிகளாவது அச்சிட்டுப் பதுளை, பசறை நூலகங்களுக்கும் தோட்டப் பாடசாலைகளுக்கும் கொடுத்தல், மின்வடிவத்தை ஈழத்து ஆவணங்களைப் பல பத்தாயிரக் கணக்கிலே இலவசமாகக் காத்துவரும் நூலகம் நிறுவனத்திடம் ஒப்படைத்தல் ஆகியவை பெருஞ்செலவில்லாத காரியங்கள். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட ஒரு மொழியினர், ஒரே இடத்திலே எல்லாவற்றையும் வைத்துவிட்டு நிம்மதியாக இருத்தல் தகாது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே தட்டச்சுச் செய்து கணினிகளில் முடங்கிக் கிடக்கின்ற கதைகளையும் கட்டுரைகளையும் ஒருங்குறிக்கு மாற்றி வைப்பதும் இந்தப் பேணுதலிலே சேர்ந்ததே. இளையவர்கள் மூத்த எழுத்தாளர்களுக்குச் செய்யக்கூடிய உபகாரங்களுள் இது தலையாயது.

பணம் கேட்டுப் புகழ் தருவதாகச் சொல்பவரிடம் ஒரு சதமும் கொடுக்கலாகாது என்பது மூன்றாவது விதி. அச்சுக்குக் கூலி கொடுப்பது முறை. பிழைதிருத்துவோருக்கு ஊதியம் கொடுப்பதும் முறை. பட்டத்துக்கும் சான்றிதழுக்கும் போட்டி நுழைவுக்கும் தோட்டத்துப் பிள்ளை பணம் கட்டுவது, உழைத்து உண்ணும் ஒரு குடும்பத்தின் மேசையிலிருந்து சோற்றை எடுப்பதற்கு ஒப்பான பாவம்.

நான்காவது கடமை எழுதுபவருடையதன்று. பத்திரிகைகளுடையதும் விமரிசகர்களுடையதும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுடையதும் ஆகும். மின்னூலாக வந்தது என்ற காரணத்துக்காக ஒரு நூல் மதிப்புரைக்கு எடுத்துக்கொள்ளப்படாமற் போவது அநீதி. வார இதழ்கள் ஒவ்வொன்றும் மாதம் ஒரு பக்கமாவது இணையத்திலே வெளிவந்த மலையக எழுத்துக்கு ஒதுக்கி, கண்டிப்பும் கனிவும் கலந்த மதிப்புரை வெளியிட்டால், கார்மேகம் அன்று கடிதக் கட்டுகளிலிருந்து எழுத்தாளரைக் கண்டெடுத்த அதே பணியை இன்றைய ஊடகத்திலே தொடர்ந்தவர்களாவோம். எழுத்து எங்கே நிகழ்கிறதோ அங்கே விமரிசகன் போகவேண்டும். எழுத்து தன் வாயிலுக்கு வரட்டும் என்று காத்திருக்கும் விமரிசனம் விரைவிலே வெறும் அலங்காரமாகிவிடும்.

சுயபிரசுரத் தளங்களுக்கு நற்பெயர் உண்டா, இல்லையா என்ற கேள்விக்கு, இவ்வளவும் சொன்ன பின், விடை எளிதாகிறது. அத்தளங்களுக்கென்று தனியே நற்பெயருமில்லை, கெட்டபெயருமில்லை. அன்று நாலு பக்கப் பாட்டுப் புத்தகத்துக்கு மதிப்புத் தேடிக்கொடுத்தவர்கள் அதனைப் பாடியும் கேட்டும் வாதித்தும் தம்முடையதாக்கிக்கொண்ட தோட்டத்து மக்கள். இன்று மின்னூலுக்கும் அதே மக்கள்தான் மதிப்புத் தேடிக்கொடுக்க வேண்டும். தோட்டங்களுக்குத் தன் முன்னோர் வந்ததை 1823ஆம் ஆண்டு தொடக்கம் கணக்கிட்டு, இருநூறு ஆண்டுகளின் வரலாற்றை 2023ஆம் ஆண்டிலே நினைவுகூர்ந்த ஒரு சமூகம், அடுத்த நூறாண்டின் வரலாற்றைத் தானே எழுதப்போகிறதா, அல்லது மலைவிளிம்பிலே ஓரிரவு தங்கிப்போகின்றவர்களிடம் விட்டுவிடப்போகிறதா என்பது, மடுல்சீமை போன்ற ஊர்களிலே அடுத்த சில ஆண்டுகளில் எத்தனை வாசகர் வட்டங்கள் தோன்றுகின்றன என்பதைப் பொறுத்தது. வெளியிடும் வசதி வந்துவிட்டது; வாசிக்கும் சபையை நாம் கூட்டவேண்டும், இந்த ஆண்டிலேயே கூட்டவேண்டும்.